அலைவு வாரியத்துக்கு வந்த முதல் புகார்

நெல்லித்தோப்பில் தையல் கடை வைத்திருக்கும் மார்ட்டினை அரசாங்கம் ஒருநாளும் தேடி வந்ததில்லை. ரோடு போட வந்ததில்லை, சாக்கடை அள்ள வந்ததில்லை, ஓட்டு வாங்கிய பிறகு நன்றி சொல்லக்கூட வந்ததில்லை. வந்தது ஒரே ஒரு முறைதான். வந்து, அவனுடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்த தூளியின் ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு போனது.

மார்ட்டினுக்குக் கடையும் வீடும் ஒன்று. முன்னறையில் தையல் மெஷின். பக்கத்தில் உத்தரத்துக் கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் அவன் மனைவி வெரோனிகாவின் பழைய நூல் புடவை, புடவைக்குள் மகள் ஜாஸ்லின். வெரோனிகா நர்ஸ். பிரசவ லீவு முடிந்து மறுபடி டூட்டிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பகலெல்லாம் குழந்தை மார்ட்டின் பொறுப்பு. தைக்கிற நேரத்திலேயே அவ்வப்போது தூளியைக் கீழே ஓர் இழுப்பு இழுத்து விடுவான். அது மேலும் கீழும் ஆடும், ஜாஸ்லின் கண்ணைச் சொருகும். பங்குக் கோயிலில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா நெருங்கிக்கொண்டிருந்ததால் சிறுமிகளின் வெள்ளை கவுன்கள் குவிந்து கிடந்தன. வருஷத்தில் அவனுக்கு வயிறு நிறையும் சீசன் அது ஒன்றுதான்.

அப்படி ஒரு காலையில் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஸ்டாப் வாட்ச்சுமாக ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார்.

"நான் சாமிக்கண்ணு. அலைவு வாரியத்துல உதவி ஆய்வாளர். இது இன்னா?"

"தூளி சார்."

"தூளின்னு ஒண்ணு சட்டத்துலயே கெடையாது. சுருள்வில்லுல தொங்கற நிறை, அவ்ளோதான். லைசென்ஸ் இருக்குதா?"

"புள்ளைக்கு ஆதார் இருக்குது சார்."

சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து ஜாஸ்லின் முனகினாள். மார்ட்டின் பழக்க தோஷத்தில் தூளியை ஓர் இழுப்பு இழுத்தான். சாமிக்கண்ணு பாம்பைக் கண்டவர் மாதிரி பின்வாங்கினார்.

"கை வெச்சிட்டியே! அது புறவிசை. அலைவுல புறவிசை குடுக்கறது இருக்கறதுலயே பெரிய குத்தம்."

குழந்தையை எடுத்து மார்ட்டின் கையில் கொடுத்தார். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஒரு பறிமுதல் அட்டையைக் கட்டி, பைக்குள் போட்டுக்கொண்டார். புடவையை மட்டும் மடித்துத் திருப்பித் தந்தார். நல்ல மனுஷன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த அலைவு வாரியம் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரன் கட்டிய மஞ்சள் கட்டடம் ஒன்று காலியாகக் கிடந்தது. கட்டடம் காலியாக இருந்தால் அரசாங்கத்துக்கு இருப்பு கொள்ளாது. அதற்குள் வைக்க ஓர் அலுவலகம் வேண்டும், அது வேறு எந்த ஊரிலும் இல்லாததாக இருக்க வேண்டும். பொதுமக்களை ஆடும் பொருள்களிடமிருந்து காப்பாற்றுவது என்று முடிவாயிற்று. சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தை எடுத்து, சுருள்வில்லில் தொங்கும் நிறையின் தனிச் சீரிசை இயக்கம் என்ற பாடத்தை அப்படியே காப்பி அடித்தார்கள். கணக்கு எளிதாக வரட்டும் என்று அதில் வாத்தியார்கள் சும்மா வைத்துக்கொள்ளச் சொல்வதெல்லாம் இங்கே பிரிவு, உட்பிரிவு என்று ஏறி உட்கார்ந்துகொண்டன. காற்றின் தடை இல்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னது புத்தகம். காற்றின் தடை இருந்தால் தண்டனை என்றது சட்டம்.

மார்ட்டின் வேறு ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளலாம் என்று பெரிய மார்க்கெட்டுக்கு ஓடினான். கொத்துக் கொத்தாகத் தூளி ஸ்பிரிங் தொங்கும் கடைகளில் வெறும் கொக்கிகள்தான் தொங்கின. வாரியம் முந்தின வாரமே வந்து வழித்துக்கொண்டு போயிருந்தது. வெறும் கயிற்றில் புடவையைக் கட்டிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தான். ஜாஸ்லினுக்கு அது ஆகவில்லை. மேலும் கீழும் போனால்தான் தூக்கம், இல்லாவிட்டால் ஊரைக் கூட்டுவேன் என்று கத்தினாள். பெற்றவர்களுக்கு ராத்திரித் தூக்கமும் போயிற்று, பகல் பிழைப்பும் போயிற்று. வேறு வழியில்லாமல் மார்ட்டின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மஞ்சள் கட்டடத்துக்குப் போனான்.

அங்கே கண்காணிப்பாளர் அஞ்சலாட்சி அம்மாள் அவனுடைய ஸ்பிரிங்கைத் தராசில் வைத்தார்.

"இதுக்கு வெயிட் இருக்குதேப்பா."

"இரும்பு மேடம். வெயிட் இருக்கத்தான செய்யும்?"

"சுருள்வில்லுக்கு நிறையே இருக்கக் கூடாது. சட்டத்துல ரெண்டாவது பிரிவு. இன்னும் யாரும் வெயிட் இல்லாத ஸ்பிரிங் கொண்டாரல. ஜனங்களுக்கு ஒத்துழைக்கிற எண்ணமே இல்ல."

சிறப்பு விலக்கு கேட்டு நாலைந்து தரம் அலைந்த பிறகு குழந்தையோடு சோதனைக்கு வரச் சொன்னார்கள். சோதனை அறையில் காற்றின் தடை வந்துவிடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அங்கிருந்தவர்களை மெதுவாக மூச்சு விடச் சொன்னார்கள். ஸ்பிரிங்கில் ஜாஸ்லினைத் தொங்கவிட்டதும் அவள் காலை உதைத்தாள்.

"புள்ளையக் கொஞ்சம் சுருட்டிப் புடி," என்றார் சாமிக்கண்ணு. "சட்டப்படி நிறை ஒரு புள்ளியா இருக்கணும். இதுக்குக் கையி, காலு எல்லாம் இருக்குது."

"கை கால் இல்லாம எப்டி சார்?"

"அத நீங்க மொதல்லயே யோசிச்சிருக்கணும்."

அதையும் ஒருவழியாகப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்து, அலைவு நேரத்தை அளந்தார்கள். அளந்து முடிப்பதற்குள் ஜாஸ்லின் பாலுக்கு அழுதாள், மார்ட்டின் புட்டிப்பாலைக் கொடுத்தான். மறுபடி அளந்தால் கடிகாரம் வேறு கணக்குக் காட்டியது. அஞ்சலாட்சி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பால் குடுத்துட்டியா? நிறை ஏறினா அலைவு நேரம் ஏறும். அலைவு நேரம் மாறினா பழைய விண்ணப்பம் செல்லாது. லைசென்ஸ் வர வரைக்கும் புள்ளைய இதே வெயிட்டுலயே வெச்சிருப்பா. வளர உடாத."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற தாய் என்ற முறையில் கனிவாகத்தான் சொன்னார்.

கடைசிச் சோதனை இருக்கிறதே, அது எல்லாவற்றுக்கும் மேல். ஒரு தரம் இழுத்து விட்டால் அதற்குப் பிறகு யாரும் கை வைக்காமல், வீச்சு குறையாமல், தூளி என்றென்றும் ஆட வேண்டும். புத்தகத்துத் தூளி அப்படித்தான் ஆடுகிறதாம். ஆய்வாளர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். ஜாஸ்லினின் தூளி டீ வருவதற்குள் நின்றுவிட்டது. "நின்னுடுச்சி," என்று சாமிக்கண்ணு துக்கம் விசாரிக்கும் குரலில் அறிவித்தார். பிறகு அந்தக் கோப்பு அஞ்சலாட்சி அம்மாள் அறையிலிருந்து தலைவர் அறைக்கும், தலைவர் அறையிலிருந்து அஞ்சலாட்சி அம்மாள் அறைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. அந்த அலுவலகத்தில் வீச்சு குறையாமல் ஆடிய பொருள் அது ஒன்றுதான்.

இதற்குள் நெல்லித்தோப்பில் ஒரு குடும்பம் சீரழிந்துகொண்டிருந்தது. மார்ட்டின் ஒரு கவுனுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்தான். இன்னொன்றின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிப்போனான். பெண்ணைப் பெற்றவர்கள் வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் துணிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். வெரோனிகா கையில் ஊசியோடு எந்தக் கட்டிலுக்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றதைத் தலைமை நர்ஸ் பார்த்துவிட்டாள். இன்னொரு தரம் இப்படி நின்றால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டாள். ஜாஸ்லினுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, அழுதால் சத்தமே வராமல் போயிற்று.

"சத்தம் வராம அழுவுதுங்க," என்றாள் வெரோனிகா. "எனக்குப் பயமா இருக்குது. நீங்க போய் கால்ல உழுந்தாவது கேளுங்க."

மார்ட்டின் சாதுவான ஆள். கடன் சொல்லிவிட்டுப் போனவனைக்கூடத் தெருவில் பார்த்தால் இவன்தான் தலையைக் குனிந்துகொள்வான். ஆனால் சத்தமில்லாமல் அழும் மகளின் வாயைப் பார்த்தபோது அந்த மஞ்சள் கட்டடத்தின் மேல் அவனுக்குப் பச்சையாக வெறுப்பு வந்தது. ஸ்பிரிங் கிடைத்தால் மட்டும் போதாது, இவன்கள் ஒருநாளாவது தவிக்க வேண்டும் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காகக் கோயிலில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யும் உத்தேசமும் அவனுக்கு இல்லை.

தலைவர் முனைவர் ராஜவேல் அவனைப் பார்க்க ஒருநாள் ஒப்புக்கொண்டார். பயிற்சிக்காகச் சில வாரம் பாரிசில் இருந்துவிட்டு வந்தவர், அதிலிருந்து யார் வந்தாலும் வணக்கத்துக்குப் பதில் பிரெஞ்சில் 'பொன்ழூர்' என்பார். அவருடைய நாற்காலி தனியாக வரவழைத்தது. உட்கார்ந்தால் அடியில் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கும், மறுபடி எழும்பும். அதில் மெல்ல மேலும் கீழும் போய்க்கொண்டே பேசுவது அவருக்குப் பிடிக்கும். எதிரில் வேறு நாற்காலி கிடையாது. மார்ட்டின் குழந்தையோடு நின்றான்.

"பொன்ழூர், பொன்ழூர். இங்க பாருங்க மார்ட்டின். ஒரு ஸ்பிரிங்க நீங்க இழுத்தா, எதிர்ப்பக்கமா ஒரு விசை வருது இல்லையா? எவ்வளவுக்கு இழுக்கறீங்களோ, அவ்வளவுக்கு எதிர்ப்பு. எங்க வாரியமும் அப்படித்தான். ஜனங்க எவ்வளவு அவசரப்படறாங்களோ, அவ்வளவு பலமா நாங்க பின்னால இழுப்போம். இது இயற்கை விதி. இதுல தனிப்பட்ட விரோதம் எதுவும் கெடையாது."

"புள்ள தூங்கி நாளாச்சி சார்."

"தூக்கம் எங்க வரம்புக்குள்ள வராது. அலைவு மட்டும்தான். நீங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறீங்க." நாற்காலி எழும்பியது. "முன்ன சட்டத்துல 'தொங்கும் நிறை'ன்னு மட்டும்தான் இருந்திச்சி. நான் வந்துதான் 'தொங்கினாலும், உட்கார்ந்தாலும், அழுத்தினாலும்'னு சேர்த்தேன். யாரும் தப்பிச்சிடக் கூடாது பாருங்க." நாற்காலி அமுங்கியது.

மார்ட்டின் அவரைப் பார்த்தபடியே நின்றான். தூக்கமில்லாத கண்ணுக்குத் தலைவர் மேலே போனார், கீழே வந்தார், மேலே போனார், கீழே வந்தார். அவர் முகத்தில் ஜாஸ்லினுக்கு வரும் அதே கிறக்கம் இருந்தது. மார்ட்டினுக்குத் தூக்கம் சட்டென்று கலைந்தது.

"சார், ஒரு புகார் குடுக்கணும்னா யாருகிட்ட குடுக்கறது?"

தலைவர் ஆடுவதை நிறுத்தினார். எழுந்தே நின்றுவிட்டார்.

"புகாரா? பொதுமக்கள் புகாரா?"

அவர் இப்படி எழுந்து நின்றதற்குக் காரணம் இருந்தது. வாரியம் தொடங்கியதிலிருந்து ஒருவரும் ஒரு புகாரும் கொடுத்ததில்லை. ஜனங்களே கேட்காத வாரியம் எதற்கு என்று மேலிடத்தில் ஒருவர் கேட்டிருந்தார். தலைவரின் பணி நீட்டிப்பு அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றது. மார்ட்டினைக் கட்டிப் பிடிக்காத குறையாக, "யார் மேல?" என்று கேட்டார்.

"பெரிய எடம் சார். இங்க சொல்லப் பயமா இருக்குது. நாலு பேருக்கு முன்னால சொல்றேன்."

அவ்வளவுதான், முதல் புகார் விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மண்டபம் பிடித்து, பேனர் கட்டி, டிவிக்காரர்களை அழைத்து, எல்லோருக்கும் மதியம் பிரியாணி என்று சொல்லி ஜனங்களைத் திரட்டினார்கள். ஸ்பிரிங் பறிகொடுத்த தாய்மார்கள் தூங்கிவழியும் முகத்தோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தலைவருக்கு வேறு நாற்காலி சரிப்படாது என்பதால் அவருடைய நாற்காலியையே மேடைக்கு ஏற்றியிருந்தார்கள். மார்ட்டினுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"புகார் என்பது ஓர் இயக்கத்தின் இதயத் துடிப்பு! இன்று இந்த எளிய தையற்கலைஞர் யார் மீது புகார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், அது என்னைப் பெற்ற தாயாகவே இருந்தாலும், நான் இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் பறிமுதல் நடக்கும்!"

பெற்ற தாயை எப்படிப் பறிமுதல் செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டல் அடங்கியதும் தலைவர் தம் நாற்காலியில் போய் அமர்ந்து இரண்டு தரம் மேலும் கீழும் போனார். மார்ட்டின் மைக் முன்னால் வந்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். தோ, இந்த நாற்காலிதாங்க. அடியில ஸ்பிரிங், மேல நிறை. லைசென்ஸ் இருக்குதான்னு சாமிக்கண்ணு சார் கேட்டுச் சொல்லணும்."

தலைவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். ஆனால் சாமிக்கண்ணுவுக்குச் சிரிப்பு தெரியாது என்றேனே. அவர் ஸ்டாப் வாட்ச்சோடு மேடை ஏறிவிட்டார். டிவி கேமராவும் கூடவே ஏறியது.

"சார், லைசென்ஸ்?"

"யோவ் சாமிக்கண்ணு, நான் தலைவர்யா."

"நிறைக்குப் பதவி கெடையாது சார். நீங்க போட்ட சர்க்குலர்தான்."

தலைவரை இறக்கித் தராசில் நிறுத்தினார்கள். மறுபடி நாற்காலியில் வைத்து அலைவு நேரம் பார்த்தார்கள். அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. சாப்பிட்ட பின் ஒரு தரம் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும் என்று சாமிக்கண்ணு பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். அத்தனை பேர் பார்க்கத் தலைவர் ஒரு பிரியாணியைத் தின்று முடித்து மீண்டும் தராசில் ஏறினார். நிறை கூடியிருந்தது. "புள்ளி மாதிரியும் இல்ல," என்று கீழேயிருந்து ஒரு தாய் கத்தினாள். நாற்காலிக்கு அட்டை கட்டினார்கள்.

"இன்னும் இருக்குது," என்றான் மார்ட்டின். "சாரோட காரு. நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங். பள்ளத்துல இறங்கினா நிறையோட சேர்ந்து ஆடுது."

காருக்கு அட்டை கட்டினார்கள். தலைவர் ஆட்சேபம் எழுதப் பேனாவை எடுத்து மேலே அமுக்கினார், அது 'டிக்' என்றது. பேனாவுக்கும் அட்டை. ஜனங்களுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பொருளாகக் கத்தினார்கள். அஞ்சலாட்சி அம்மாள், "முத்திரை வெச்ச உத்தரவு இல்லாம இதெல்லாம் நடக்கக் கூடாது," என்று வாரிய முத்திரையைப் பையிலிருந்து எடுத்தார். மர முத்திரைகளையெல்லாம் நவீனமயம் என்று எரித்துவிட்டு வாங்கிய ஒரே முத்திரை அது. அமுக்கினால் தானே மை தோய்ந்து இறங்கும், விட்டால் ஏறும்.

"மேடம்," என்றான் மார்ட்டின் மிகவும் மரியாதையாக, "இன்னொரு தரம் அமுக்குங்க. சாமிக்கண்ணு சார் பாக்கட்டும்."

சாமிக்கண்ணு பார்த்தார். அவர் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. ஆனாலும் கடமையைச் செய்தார். பறிமுதல் செய்ய அந்த வாரியத்தில் முத்திரை தேவையில்லை, விடுவிக்கத்தான் தேவை. அந்த முத்திரையே உள்ளே போன பிறகு, அதை விடுவிக்கும் உத்தரவில் குத்த உலகத்தில் வேறு முத்திரை இல்லை.

எல்லாவற்றையும் கிடங்குக்குக் கொண்டு போனார்கள். கூட்டமும் பின்னாலேயே போனது. உள்ளே அடுக்கிவிட்டுச் சாமிக்கண்ணு பூட்டை எடுத்து அமுக்கப் போனவர், பாதியில் நின்றார். பூட்டைக் காதருகில் வைத்து இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். யாரும் புகார் சொல்லவில்லை. அவராகவே ஓர் அட்டையைக் கட்டி, பூட்டையும் உள்ளே வைத்து, கதவை வெறுமனே சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்று மாலையே மார்ட்டின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஜாஸ்லினின் ஸ்பிரிங்கைத் தேடி எடுத்துக்கொண்டான். பெரிய மார்க்கெட் கடைக்காரர்கள் கோணிப் பையோடு வந்தார்கள். தாய்மார்கள் வந்தார்கள். வாரியத்துச் சாமான்களை மட்டும் ஒருவரும் தொடவில்லை. வெளியே வந்து ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "எடுத்துக்கிட்டேன்," என்று வெரோனிகாவுக்கு போனில் சொன்னபோது மார்ட்டின் அழுதுவிட்டான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் முனைவர் ராஜவேல் நெல்லித்தோப்பில் வந்து இறங்கினார். ஆட்டோவில்தான் வந்தார். முகம் சுருங்கியிருந்தது. வாரியத்தில் உட்கார நாற்காலி இல்லை, கோப்பில் குத்த முத்திரை இல்லை. அவருடைய பணி நீட்டிப்பு விண்ணப்பமும் முத்திரை இல்லாமல் கிடந்தது, அதற்குக் கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. கிடங்கிலிருந்து முத்திரையை எடுக்கலாம் என்றால் அவரைப் பார்த்தாலே சாமிக்கண்ணு வாசலில் வந்து நிற்கிறார். புகார் கொடுத்தவனே வாய்மொழியாக வாபஸ் வாங்கினால் பறிமுதலே நடக்காததாக ஆகிவிடும், விடுவிக்கும் உத்தரவும் முத்திரையும் வேண்டாம்; அதை விட்டால் வழியில்லை.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. ஜாஸ்லின் உள்ளே அயர்ந்து தூங்கினாள். மார்ட்டின் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். உட்காரச் சொல்லவில்லை.

"மார்ட்டின் சார்," என்று தலைவர் குசுகுசுத்தார். "அந்தப் புகார வாபஸ் வாங்கிக்கங்க சார். ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பேசலாம் சார். பாப்பா தூங்கி எழுந்ததும் பேசலாம். நாங்களும் தூங்கி ரொம்ப நாளாச்சி. நான் கொஞ்சம் சாயறேன். அதுவரைக்கும் தூளிய மட்டும் பாத்துக்குங்க. நின்னா முழிச்சிக்குவா. அழுதுகிட்டே முழிச்சிட்டான்னா இன்னிக்குப் பேச முடியாது."

தலைவர் தூளியைப் பார்த்தார். அது வீச்சு குறைந்து குறைந்து நிற்கப் போய்க்கொண்டிருந்தது. தெருப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் புடவையைப் பிடித்துக் கீழே ஓர் இழுப்பு இழுத்து விட்டார். ஜாஸ்லின் முனகிவிட்டு அடங்கினாள். அவர் மறுபடி இழுத்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

மார்ட்டின் பின்னறைக்குப் போய்ப் பாயை விரித்தான். படுப்பதற்கு முன் போனை எடுத்து எண்ணை அழுத்தினான்.

"சாமிக்கண்ணு சாருங்களா? நெல்லித்தோப்பு டெய்லர் மார்ட்டின் பேசறேன். இன்னொரு புகார் சார். என் கடையில ஒருத்தர் லைசென்ஸ் இல்லாத தூளிய கை வெச்சி ஆட்டிக்கிட்டு இருக்கறாரு. ஆமா சார், புறவிசைதான். உடனே வாங்க. மெதுவா கதவத் தொறங்க, புள்ள தூங்குது."

போனை வைத்துவிட்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சாமிக்கண்ணு வந்து சேர்வதற்குள் தூங்கிப்போனான்.